ஜமுனாவுக்கு வந்த வண்டி

மாரிசெல்விக்குப் பொறாமையை மறைக்கத் தெரியாது. யாராவது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் அந்த இடத்திலேயே முகம் சுண்டிப்போகும். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் நின்று டேப் சுற்றிய பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். கம்மல் வாங்கினாலும் சுடிதார் எடுத்தாலும் முதலில் அவளிடம்தான் காட்டுவார்கள். அவள் உதட்டைச் சுழித்துவிட்டால் வாங்கிய பொருள் நல்ல பொருள் என்று அர்த்தம். அவளும் அதை மறுத்ததில்லை. ஆனால் அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய பொறாமை ஒரு சிங்கத்தின் மேல் இருந்தது என்பது அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் தெரியாது.

பெண் சிங்கம். பெயர் ஜமுனா.

இரண்டு பேரும் ஒரே வருஷத்தில்தான் சர்க்கஸில் பழக ஆரம்பித்தார்கள். மாரிசெல்விக்கு அப்போது ஒன்பது வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இறந்த பிறகு அம்மா உலகம்மாள் தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கஸுக்குப் பிள்ளை சேர்க்கிற ஆள் ஒருவன் வந்து, மூத்தவளை அனுப்பினால் வேளாவேளைக்குச் சோறும் ஊர் ஊராகப் பார்க்கிற யோகமும் உண்டு என்று ஆசை காட்டினான். உலகம்மாள் கைநாட்டு வைத்தாள். ஜமுனாவுக்கு அந்தச் சடங்குகூட நடக்கவில்லை. கூண்டிலேயே பிறந்த குட்டி அது. பால் மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரித்துக் கழுத்தில் சங்கிலி போட்டு இழுத்து வந்தார்கள்.

காலையில் கூடாரம் காலியாகக் கிடக்கும் நேரத்தில் பழக்குவார்கள். முதலில் பிள்ளைகள், அப்புறம் மிருகங்கள். பிள்ளைகளைப் பழக்கிய மாஸ்டர் பிரம்பு வைத்திருந்தார். முதுகைப் பின்னால் வளைத்துத் தலையைக் கால்களுக்கு நடுவே கொண்டுவர வேண்டும். வராவிட்டால் முழங்காலை முதுகில் கொடுத்து அழுத்துவார். அழுதால் மறுபடியும் முதலிலிருந்து. சிரித்துக்கொண்டே வளையணும், ஜனங்கள் சிரிப்பைத்தான் பார்க்கும் என்பார். இடுப்பில் கயிறு கட்டி உருளையில் மாட்டி மேலே தூக்குவார்கள். பிள்ளைகள் முடித்துவிட்டுப் போனதும் அதே உருளையில் ஜமுனாவின் சங்கிலியை மாட்டுவார்கள். பிள்ளைகளுக்குச் சொன்ன அதே 'அப்', 'டவுன்'தான் அதற்கும். அது ஸ்டூலில் ஏற வேண்டும். பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் தூக்க வேண்டும். அதுவாகத் தூக்காவிட்டால் சங்கிலி தூக்கும். சாட்டை பெரும்பாலும் தரையில்தான் விழும். ஜமுனாவின் மேல் விழுந்ததையும் மாரிசெல்வி பார்த்திருக்கிறாள். பழக்குகிற நாட்களில் இறைச்சியைக் குறைத்துவிடுவார்கள், பசித்தால் சீக்கிரம் படிந்துவிடும் என்று.

இத்தனையையும் கண்ணால் பார்த்தும் அவளுக்கு ஜமுனா மேல் இரக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் யாக்கோபு.

சிங்கங்களைப் பழக்கியவர் அவர்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரர், குடும்பம் என்று ஒன்றும் இல்லாதவர். பழக்கி முடித்ததும் சாட்டையைச் சுருட்டி வைத்துவிட்டுக் குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார். புட்டியில் பால் கொடுப்பார். காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டபடி, "மக்களே, எனக்க மக்களே" என்று கொஞ்சுவார். பிள்ளைகள் யாருடைய பெயரும் அவருக்கு வாயில் வராது. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். மாரிசெல்வி அவருக்குக் கோவில்பட்டி. 'ஏ கோவில்பட்டி, அந்த வாளிய எடுத்துட்டு வா' என்பதற்கு மேல் அவளிடம் அவருக்குப் பேச்சில்லை. அடித்த கையே தடவியும் கொடுக்கும் என்பதை அவள் அங்கேதான் பார்த்தாள். ஜனங்கள் உட்காரும் பலகைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். தன்னை அடித்த கை ஒரு நாளாவது அப்படித் தடவாதா என்று இருக்கும். பிறகு அந்தக் குட்டியின் மேல் ஆத்திரமாக வரும்.

வளர வளர அந்த ஆத்திரமும் வளர்ந்தது. ஜமுனாவுக்குத் தினமும் சைக்கிளில் மாட்டுக்கறி வந்து இறங்கும். பெண்பிள்ளைகளின் கூடாரத்துக்குத் தண்ணீராய் ஓடுகிற சாம்பார் வரும். தூத்துக்குடியில் முகாம் போட்டிருந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் அடிபட்டது. நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்த ஜமுனாவுக்கு இடது காது நுனி கருகியது. சைக்கிள் மேல் ஒருவர் தோளில் நின்று சுற்றிக்கொண்டிருந்த மாரிசெல்வி தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஜமுனாவுக்கு டவுனிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். யாக்கோபு கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து களிம்பு தடவினார். புண் ஆறுகிறவரை அதை வெளியே எடுக்கக்கூடாது என்று மேனேஜரிடம் சண்டை போட்டார். மாரிசெல்விக்குத் துணியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். அன்றைக்கு மாலை ஆட்டத்தின் முடிவில், நல்ல கையால் கொடியை ஆட்டிச் சிரிக்கச் சொல்லி நிறுத்தினார்கள். சிரித்தாள். அந்த வலியைவிட, அதற்கு மட்டும் லீவு, எனக்கு இல்லையா என்ற நினைப்புதான் அவளுக்கு நெடுநாள் ஆறவில்லை.

சிங்கம், புலி, கரடி, குரங்கையெல்லாம் வைத்து வித்தை காட்டக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டதும், அதை சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்கு இழுத்ததும், டில்லிக் கோர்ட்டிலும் தோற்றதும் கூடாரத்துக்குள் அரசல்புரசலாகப் பேசப்பட்டன. திருச்சியில் இருந்தபோது ஒரு நாள் லாரி வந்துவிட்டது. அதிகாரிகள், மிருக டாக்டர், உதவிக்கு ஆட்கள். லாரிக்குள் வெயில் தெரியாமல் இருக்க ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு சிங்கத்துக்கும் வாயைப் பார்த்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள், என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஜமுனாவின் கழுத்தில் சங்கிலி பதிந்த தடத்தையும் கருகிய காதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரிசெல்வி பகல் ஆட்டத்துக்காக ஜிகினா உடுப்பைப் போட்டுக்கொண்டு கூண்டுப் பக்கம் வந்து நின்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவள் இடுப்பிலும் கயிறு அறுத்த தடம் சுற்றிவர இருந்தது. கண் கலங்கிய அந்த அம்மாள் கூண்டிலிருந்து திரும்பி இவளைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. அது பயப்படுது" என்றாள்.

மாரிசெல்வி தள்ளி நின்றாள். லாரி கிளம்பியது. யாக்கோபு அதன் பின்னாலேயே மெயின் ரோடு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தனக்காக யாராவது அப்படி ஓடியிருக்கிறார்களா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அம்மாகூட ஓடவில்லை.

சிங்கம் போன பிறகு சர்க்கஸுக்குக் கூட்டம் வரவில்லை. யாக்கோபு ஊருக்குப் போய்விட்டார். கூடாரத் துணி கிழிந்துகொண்டே வந்து, மறுவருஷம் வாலாஜாபாத்தில் முகாம் போட்டபோது பார்க்க வந்தவர்களைவிட ஆடுகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். கூடாரத்துக்கு எதிரே கம்பெனி பஸ் வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாகப் பெண்கள் ஏறிப் போவார்கள், சாயங்காலம் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குவார்கள். மாரிசெல்வி பல் விளக்கிக்கொண்டே அவர்களைப் பார்ப்பாள். அந்த அட்டை கழுத்தில் ஆடுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டிப் போய், வரிசையில் நின்ற ஒருத்தியிடம், இந்த வேலைக்கு எப்படிச் சேர்வது என்று கேட்டாள். அந்தப் பெண்தான் பெனிட்டா. வாலாஜாபாத்தில் சித்தி வீட்டில் சில நாள் தங்கி அங்கிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். படிப்பு இல்லையென்றால் கான்ட்ராக்டரைப் பார்க்க வேண்டும், கேண்டீனில் ஆள் எடுக்கிறார்கள் என்று வழி சொன்னாள்.

மாரிசெல்வி பையை எடுத்துக்கொண்டு கூடாரத்தைவிட்டு வெளியே வந்தபோது யாராவது தடுப்பார்கள் என்றுதான் நினைத்தாள். மேனேஜர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். தப்பித்தோம் என்று இருந்தது. தடுக்கக்கூட ஆள் இல்லையே என்று கொஞ்சம் குறையாகவும் இருந்தது.

கேண்டீனில் தட்டு கழுவினாள். பிறகு கான்ட்ராக்ட் ஆளாக லைனுக்கு மாற்றினார்கள். அவளுக்கும் அட்டை கிடைத்தது. ஆனால் பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, இவளுக்குச் சாம்பல் சட்டை. அதற்கு ஒரு தனிப் பொறாமை. ஊரில் என்ன செய்தாய் என்று கேட்டவர்களிடம் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தேன் என்று சொல்லிவைத்தாள். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெனிட்டாவின் வீட்டை ஒட்டி ஓர் அறை காலியாக இருந்தது. அதில் குடியேறினாள். பெனிட்டாவின் அம்மா கிளாரா, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனியாக உலை வைக்காதே, எங்களோடு உட்கார் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் இன்னொருவனும் இருந்தான். பெனிட்டாவின் அண்ணன் எபினேசர். வண்டலூர் மிருகக்காட்சி சாலையில், சர்க்கஸ்களிலிருந்து மீட்டு வந்த சிங்கங்களை வைத்திருந்த பகுதியில், தினக்கூலிக்கு உதவியாளாக இருந்தான். ஜனங்கள் பார்க்கிற இடம் இல்லை அது. சிங்கங்கள் அங்கே கடைசிக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தன. எபினேசர் அதிகம் பேசாதவன். பேசினால் நிதானமாக, எதிரே இருப்பவர் கேட்கிறாரா என்று பார்த்துப் பேசுவான். அவனை அண்ணே என்று கூப்பிட மாரிசெல்விக்கு வாய் வரவில்லை. கூப்பிட வேண்டிய நேரத்தில் 'இங்க பாருங்க' என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வாள். கிளாரா அதைக் கவனித்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது எபினேசர் வேலை இடத்துக் கதை சொன்னான்.

"ஒண்ணு கீது, எடது காது நுனி கருகிப்போயி. வயசுக்கு முன்னாடியே கெழவியாயிடுச்சு. வெயில்ல போயி மல்லாந்துகினா எழுப்பவே முடியாது. நானும் எழுப்ப மாட்டேன்."

மாரிசெல்வி பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பெயர் உண்டா என்று கேட்டாள்.

"ஜமுனான்னு கூப்டுவோம். திரும்பிப் பாக்கும். வர்றதும் வராததும் அது இஷ்டம்."

அன்றிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ன சாப்பிடுகிறது, நோய் வந்தால் யார் பார்க்கிறார்கள், வெயில் காலத்தில் என்ன செய்வீர்கள், ராத்திரி எங்கே படுக்கும். கறி எலும்பில்லாமல் கொடுக்கிறார்கள், பல் சரியில்லையாம். டாக்டர் வருகிறார். கோடையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒவ்வொரு பதிலும் அவளுக்கு அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. வாரத்தில் ஒரு நாள் வயிற்றுக்கு ஓய்வு, அன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்று எபினேசர் சொன்னபோதுதான் சற்று ஆறுதலாக இருந்தது. இவள் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாளே என்று அவன் சந்தோஷப்பட்டு இன்னும் இன்னும் சொன்னான். எதிரே உட்கார்ந்திருக்கிற தன்னைவிட்டு, எங்கேயோ மல்லாந்து கிடக்கிற கிழச் சிங்கத்தைப் பற்றியே பேசுகிறானே என்று அவள் புழுங்கினாள். யாக்கோபு போனார் என்று பார்த்தால் இவனையும் அது பிடித்துக்கொண்டுவிட்டது.

இரண்டாயிரத்தைந்தாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாக்கோபு வாசலில் வந்து நின்றார்.

பழைய சர்க்கஸ் சமையல்காரரிடம் விசாரித்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னார். மாரிசெல்விக்குக் கை கால் ஓடவில்லை. அவளைத் தேடிக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. பாயை விரித்தாள், டீ போட்டாள், கடைக்கு ஓடிக் கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். கிளாராவிடம் ஊர்க்கார அண்ணாச்சி என்று சொன்னாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்பார், வேலையைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தாள்.

யாக்கோபு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஜமுனா வண்டலூர்ல நிக்காளாம்லா. நீ பக்கத்துலதான இருக்க. எனக்கு ஒருக்கா காட்டித் தருவியா?"

மாரிசெல்வியின் முகம் எப்படிப் போயிற்று என்பதை அவர் கவனிக்கவில்லை. அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாரையும் விடமாட்டார்கள் என்றால் அவர் நம்பிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போயிருப்பார். ஆனால் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வேறொரு எண்ணம் வந்தது. வருஷக்கணக்காகிவிட்டது. ஜமுனா அவரை மறந்திருக்கும். மக்களே மக்களே என்று இவர் கூப்பிட, அது திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும். இவர் முகம் தொங்கிப்போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எபினேசரிடம், அண்ணாச்சிக்குச் சிங்கம் என்றால் உயிர், ஒரு தடவை பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னாள். அவன் தன் அதிகாரியிடம் கேட்டு, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவதென்றால் சரி என்று அனுமதி வாங்கினான். அடுத்த நாள் அவள் லீவு போட்டுவிட்டு யாக்கோபுவை அழைத்துக்கொண்டு போனாள்.

உயரமான கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மரங்களும் புல்லுமாகத் திறந்த இடம். பின்னால் ராத்திரி அடைக்கிற அறைகள். நடுவில் ஏறிப் படுக்க ஒரு கல்மேடை. ஜமுனா மேடைக்குக் கீழே வெயிலில் படுத்திருந்தது. வயிறு மேலே, நாலு காலும் நாலு பக்கம், வாய் பாதி திறந்திருந்தது. தோல் தொங்கியிருந்தது, ஆனாலும் உடம்பு வைத்திருந்தது. இப்படி ஒரு தூக்கத்தை மாரிசெல்வி தன் வாழ்க்கையில் தூங்கியதில்லை. சர்க்கஸில் விசில் கேட்டும் கம்பெனியில் சைரன் கேட்டும் எழுகிறவள் எங்கே இப்படித் தூங்குவது. 

யாக்கோபு வேலியைப் பிடித்துக்கொண்டு, "மக்களே" என்றார்.

அது அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். கருகிய காது ஈ விரட்டுவது போல ஆடியது, அவ்வளவுதான். மாரிசெல்விக்கு உள்ளுக்குள் சந்தோஷம் குப்பென்று ஏறியது. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது தொங்கிப்போயிருந்தது.

யாக்கோபு நிமிர்ந்தார். தொடையில் உள்ளங்கையால் தட்டினார். கூடாரத்தின் நடுவில் நின்று கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில், "ஜமுனா, அப்" என்றார்.

ஜமுனா எழுந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து சுற்றும்முற்றும் பார்த்தது. ஸ்டூலைத் தேடுகிறது என்று மாரிசெல்விக்குப் புரிந்தது. ஸ்டூல் இல்லாததால் கல்மேடைக்கு ஓடியது. பின்னங்கால் வழுக்கியது. மறுபடியும் ஏறியது. இடுப்பை மடக்கி உட்கார்ந்து, கிழட்டு முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. கால்கள் உதறின. மேடையின் ஓரமாக மூத்திரம் வழிந்தது.

அப்போதுதான் மாரிசெல்விக்குத் தன் உடம்பு தெரிந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. குதிகால்கள் ஒட்டியிருந்தன. கைகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் சிரிக்கவில்லை. அது தானாக வந்து உட்கார்ந்திருந்தது. இறக்கப் பார்த்தாள், உடனே இறங்கவில்லை.

"பாத்தியா கோவில்பட்டி, மறக்கல்ல" என்றார் யாக்கோபு. கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்க மக்க மறக்கல்ல."

தள்ளி நின்ற எபினேசர் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பினான். முதலில் அதை இறங்கச் சொல்லுங்கள் என்றான். அவர், "டவுன்" என்றார். ஜமுனா இறங்கி, யாரையும் பார்க்காமல், இருட்டான அறைக்குள் போய்விட்டது. எபினேசருக்கு மூச்சு வாங்கியது. அவன் யாக்கோபுவிடம் பேசவில்லை, மாரிசெல்வியிடம் பேசினான்.

"இங்க அத யாரும் ஒண்ணும் செய்யச் சொல்றது இல்ல. அதுக்குத்தான் இந்த எடமே. கூட்டினு போ."

பஸ் ஸ்டாப்பில் யாக்கோபு இன்னும் சந்தோஷமாகத்தான் இருந்தார். அது மேடையில் ஏறிய அழகைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மாரிசெல்வி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது பாசம் இல்ல அண்ணாச்சி. பயம்" என்றாள்.

ஒனக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"நீங்க அப்புன்னு சொன்னதும் எனக்கும் வந்துச்சு. நான் சிரிக்கணும்னு நெனைக்கவே இல்ல, சிரிச்சிக்கிட்டு நின்னேன். எனக்கு ஒங்க மேல பாசமா?"

யாக்கோபு சாலையைப் பார்த்தார். கார்கள் ஏற்றிய நீளமான லாரி ஒன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து வந்து தாண்டிப் போனது. அவள் பேசிக்கொண்டே போனாள். லாரி வந்த அன்றைக்குத் தானும் அங்கேதான் நின்றதையும், கழுத்துத் தடத்தைப் பார்த்தவர்கள் தன் இடுப்புத் தடத்தைப் பார்க்காததையும், அவரும் பார்க்காததையும் சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததால் கோர்வையாக வரவில்லை. குரல் மட்டும் உயரவில்லை.

"அதுக்கு வாய் இல்ல மோளே" என்றார் அவர். "ஒனக்கு இருந்துல்லா."

"ஒம்பது வயசுல எனக்கு என்ன வாய் இருந்துச்சு."

 பஸ் வந்தது. ஏறும்போது, மறுபடியும் ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டார். எபினேசர் விடமாட்டான் என்று அவள் சொல்லவில்லை. வராதீர்கள் என்று தானாகவே சொன்னாள். வாறேன் கோவில்பட்டி என்றபடி அவர் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை.

ஜமுனா சில நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அறையைவிட்டு வெளியே வரவில்லை. எபினேசர் வீட்டுக்கு வந்தால் மாரிசெல்வி இருக்கிற பக்கம் பார்ப்பதில்லை, சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். தான் செய்தது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தப்பைவிட அந்தக் கோபம்தான் அவளை அறுத்தது. ஒரு சிங்கம் இரண்டு வேளை சாப்பிடாததற்கு இந்த மனுஷன் இப்படி வாடுகிறானே. நான் எத்தனை வேளை சாப்பிடாமல் வளைந்திருக்கிறேன், யார் வாடினார்கள்.

ஒரு சாயங்காலம் கிளாரா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள், பெனிட்டா பக்கத்தில் இருந்தாள். எபினேசர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாரிசெல்வி அவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, தீப்பெட்டி ஆபீஸ் பொய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பெனிட்டா, கூடாரத்திலிருந்து வந்தவள் என்பது எனக்குத் தெரியும், கூட்டிப் பெருக்குகிறவள் என்று நினைத்தேன் என்றாள். கிளாரா அரிசியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைக் காட்டச் சொன்னாள். விரலால் அந்தத் தடத்தைச் சுற்றிவரத் தொட்டுப் பார்த்தாள். 

எபினேசர் துணியை மடித்துக்கொண்டே, "தெரிஞ்சிருந்தா உள்ள வுட்டிருக்க மாட்டேன்" என்றான்.

"யார? அண்ணாச்சியையா?"

"ரெண்டு பேரையுந்தான். அந்தக் கொரலக் கேக்குறது ஒனக்கு மட்டும் நல்லதா இன்னா?"

மாரிசெல்விக்கு அது சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜமுனாவையும் தன்னையும் ஒரே பேச்சில் வைத்துச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அழுது முடித்து வெளியே வந்தபோது, தட்டில் அவளுக்கும் சோறு போட்டு வைத்திருந்தார்கள்.

அதனால் அவளுடைய பொறாமை தீர்ந்துபோனது என்று சொல்ல முடியாது. எபினேசர் பேச ஆரம்பித்த பிறகு மறுபடியும் ஜமுனா கதைதான். அது வெளியே வந்து படுத்தது, புல்லில் புரண்டது, டாக்டரைப் பார்த்து உறுமியது. மாரிசெல்வி இப்போது முகம் சுளிப்பதை மறைக்கவில்லை, வாய்விட்டே சொன்னாள். அதற்கு எவ்வளவு கொடுத்துவைத்திருக்கிறது பாருங்கள் என்பாள். கூண்டில் பிறந்து கூண்டிலேயே சாகப்போவது கொடுத்துவைத்ததா, அதற்கு ஒரு நாளாவது காடு தெரியுமா என்று அவன் கேட்பான். எனக்கு மட்டும் காடு தெரியுமா என்று இவள் கேட்பாள். கிளாரா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, குழம்பை ஊற்றிக்கொள்ளச் சொல்வாள்.

மறுவருஷம் ஜமுனா செத்துப்போனது. எபினேசர் வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. எப்படி என்று மாரிசெல்வி கேட்டாள்.

"காலைல வெயில்ல போயி படுத்துச்சு. சாப்பாட்டுக்குக் கூப்ட்டேன். காத ஆட்டுச்சு. சரி, தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செத்தால் யார் இப்படிக் கண் சிவந்து வருவார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்ததை அப்படியே அவனிடம் சொல்லவும் செய்தாள். செத்ததுகிட்டயுமா போட்டி என்று அவன் லேசாகச் சிரித்தான். பிறகு மறுபடியும் அழுதான். அவன் அழுதுகொண்டிருந்தபோது அவளுக்கு வேறொன்று ஓடியது. கூப்பிட்டார்கள், காதை ஆட்டிவிட்டுப் படுத்திருந்தது. அதற்கப்புறம் யாரும் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. கறி, டாக்டர், தண்ணீர் தெளிப்பதெல்லாம் போகட்டும். இது ஒன்று தனக்கு வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது, எல்லாரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். காலையில் பெனிட்டா தலை வாரிக்கொண்டே, பஸ் வந்துவிடும் என்று குரல் கொடுத்தாள். மாரிசெல்வி மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்திருந்தாள். வரவில்லை என்றாள். உடம்பு சரியில்லையா என்று பெனிட்டா கேட்டாள். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். பஸ் ஹாரன் அடித்து நின்றது, கிளம்பியது.

வெயில் மெல்ல ஏறியது. முதலில் சும்மா படுத்திருப்பது பெரிய வேலையாக இருந்தது. யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது. பிறகு அந்தச் சூடு முதுகுக்குள் இறங்க, கண் செருகியது. கிளாரா மிளகாய் காயப்போடப் படி ஏறி வந்தாள். பாய் கிடந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பரப்பிவிட்டு இறங்கிப் போனாள்.